கணக்கில் இல்லாத இருபது ரூபாய்

ஒரே தெரு, அடுத்தடுத்த வீடு, அண்ணன் தம்பி இருவரையும் ஒரே வருடத்தில் பறிகொடுத்த குடும்பம். ஒரு வீட்டுக்குக் காப்பீட்டுத் தொகை வந்தது, இன்னொரு வீட்டுக்கு வரவில்லை. காரணம் என்ன? உழைக்கும் குடும்பங்கள் ஒவ்வொன்றும் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு இது.

பேராவூரணிக்குப் பக்கத்தில் தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருக்கிறது அந்தத் தெரு. 2018 நவம்பரில் வீசிய கஜா புயலில் பாதி மரங்களை இழந்து, மீண்டும் கன்று வைத்துத் தலையெடுத்த பகுதி. மூத்தவர் தேங்காய் பறிக்கும் தொழிலாளி. வயது 53. இளையவருக்கு 38. அரை ஏக்கர் சொந்த நிலம், இரண்டு ஏக்கர் குத்தகை நிலம், மற்ற நாட்களில் கூலி வேலை.

ஆடி மாதக் கடைசியில் ஒரு காலைப்பொழுது. முந்தைய இரவு தூறல் விழுந்து மரம் வழுக்கலாக இருந்தது. ஆறாவது மரத்தில் ஏறும்போது மூத்தவரின் கால் சறுக்கியது. மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. அதே வருடம் கார்த்திகையில், சம்பா வயலில் தேங்கிய மழைத்தண்ணீரை வடிக்க இரவில் வரப்பில் போன இளையவரைக் கண்ணாடி விரியன் கடித்தது. பட்டுக்கோட்டை அரசு மருத்துவமனையில் இரண்டு நாள் போராடி, மூன்றாம் நாள் அவரும் போய்விட்டார்.

இளையவரின் மனைவிக்குச் சில மாதங்களில் 2 லட்சம் ரூபாய் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்தது. மூத்தவரின் மனைவிக்கு வங்கியில் கிடைத்த பதில்: "இந்த வருஷம் பணம் பிடிக்கலையேம்மா. பாலிசி நடப்புல இல்ல."

"வருஷா வருஷம் பிடிச்சுக்கிட்டுதானே இருந்தாங்க? பாஸ்புக்ல இருக்கே சார்" என்று அவர் புத்தகத்தை நீட்டியிருக்கிறார். இருந்தது உண்மைதான். 12 ரூபாயாக ஐந்து முறை, 20 ரூபாயாக ஒரு முறை பிடித்த வரிகள் வரிசையாக இருந்தன. ஆனால் கடைசி மே மாதத்துக்கு நேராக எதுவும் இல்லை. அந்த மாதம் நூறு நாள் வேலைக் கூலி முழுவதையும் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக எடுத்திருந்தார் கணவர். கணக்கில் மிச்சம் இருந்தது ஒன்பது ரூபாய்.

இருபது ரூபாய் திட்டம் எப்படி வேலை செய்கிறது?

பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா என்ற விபத்துக் காப்பீடு 2015-ம் ஆண்டு மே மாதம் தொடங்கப்பட்டது. ஆரம்பத்தில் ஆண்டுக்கு ரூ.12. 2022 ஜூன் முதல் ரூ.20. வங்கியிலோ அஞ்சலகத்திலோ சேமிப்புக் கணக்கு வைத்திருக்கும் 18 முதல் 70 வயது வரையுள்ள யாரும் சேரலாம். விபத்தில் உயிரிழந்தாலோ, இரண்டு கண் அல்லது இரண்டு கை, கால்களை முழுமையாக இழந்தாலோ ரூ.2 லட்சம். ஒரு கண் அல்லது ஒரு கை, ஒரு காலை இழந்தால் ரூ.1 லட்சம்.

இந்தக் காப்பீட்டின் ஆண்டு ஜூன் 1-ல் தொடங்கி அடுத்த மே 31-ல் முடிகிறது. பிரீமியத்தை நாம் போய்க் கட்ட வேண்டியதில்லை. சேரும்போது கொடுத்த ஒப்புதலின்படி, மே மாதக் கடைசியில் வங்கியே கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். வசதி என்று நினைக்கும் இந்த இடத்தில்தான் பல குடும்பங்கள் சறுக்குகின்றன. எடுக்கும் நாளில் கணக்கில் பணம் இல்லையென்றால் காப்பீடு நின்றுபோகும். வீடு தேடி வந்து யாரும் சொல்ல மாட்டார்கள். குறுஞ்செய்தி வந்தாலும், பழைய செல்போன் எண் கொடுத்திருந்தால் அது யாருக்கோ போகும்.

மே மாதம் விவசாயக் குடும்பத்துக்குக் கையில் காசு இல்லாத மாதம். கோடையில் வேலை குறைவு. பள்ளி, கல்லூரிக் கட்டணம் நெருங்கும். கணக்கில் இருப்பதைத் துடைத்து எடுக்கும் காலத்தில்தான் பிரீமியமும் வருகிறது.

தவறிவிட்டால் கதவு மூடிவிடுவதில்லை என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஜூலையிலோ செப்டம்பரிலோ வங்கிக்குப் போய் அதே 20 ரூபாயைக் கட்டி மீண்டும் சேரலாம். பணம் பிடித்த நாளிலிருந்து பாதுகாப்பு தொடங்கும். மூத்தவர் ஜூன், ஜூலை இரண்டு மாதங்களில் ஒருமுறை பாஸ்புக்கைப் பதிந்து பார்த்திருந்தால், விட்டுப்போனது தெரிந்திருக்கும்.

கையெழுத்தை விட முக்கியம், ஆஸ்பத்திரி சீட்டு

இளையவரின் குடும்பத்துக்குப் பணம் கிடைத்ததும் எளிதாக நடந்துவிடவில்லை. பாம்பு கடித்த இரவில், பக்கத்து ஊரில் மந்திரிப்பவரிடம் போகலாம் என்று உறவினர்கள் சொன்னார்கள். பிளஸ் டூ படிக்கும் மகன்தான் 108-க்குப் போன் செய்தான். இறந்த பிறகு, "போன உசிர அறுத்துப் பாக்கணுமா?" என்று பெரியவர்கள் பிரேதப் பரிசோதனையை எதிர்த்தார்கள். "எது செய்யணுமோ அதைச் செஞ்சுருங்க" என்று உறுதியாக நின்றவர், மூன்று மாதத்துக்கு முன்பு கணவரைப் பறிகொடுத்திருந்த மூத்தவரின் மனைவி. வங்கிக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் நடந்து நடந்து, எந்தக் காகிதத்துக்கு என்ன மதிப்பு என்று அதற்குள் அவர் தெரிந்துகொண்டிருந்தார்.

அந்த உறுதிதான் 2 லட்சம் ரூபாயைக் கொண்டுவந்தது. சாலை விபத்து, நீரில் மூழ்குதல் போன்றவற்றுக்குக் காவல் நிலைய முதல் தகவல் அறிக்கை வேண்டும். பாம்புக்கடி, மரத்திலிருந்து விழுதல் போன்றவற்றுக்கு, உடனடியாகப் பெற்ற மருத்துவமனைப் பதிவு வேண்டும் என்பது இந்தத் திட்டத்தின் விதி. மருத்துவமனைக்கே போகாமல் வீட்டிலேயே இறந்து, அன்றே அடக்கம் செய்துவிட்டால், அது விபத்து என்பதற்கு ஊர் முழுக்கச் சாட்சி சொன்னாலும் காகிதம் சொல்லாது. காப்பீட்டுக்காக மட்டும் சொல்லவில்லை. பாம்புக்கடிக்கான விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில்தான் இலவசமாகக் கிடைக்கும். உயிர் பிழைக்கும் வழியும், காப்பீடு பெறும் வழியும் ஒன்றேதான்.

விபத்து நடந்து 30 நாட்களுக்குள், கணக்கு உள்ள வங்கிக் கிளையில் உரிமைகோரல் படிவத்தைக் கொடுக்க வேண்டும். துக்கம் கேட்க வருபவர்களும் காரியமும் முடிவதற்குள் பாதி நாள் போய்விடும் என்பதால், வீட்டில் விவரம் தெரிந்த ஒருவர் முதல் வாரத்திலேயே வங்கியில் தகவல் சொல்லிவிடுவது நல்லது.

436 ரூபாய் பெரிய தொகையா?

இளையவரின் வீட்டில் ஒரு வருத்தம் இன்னும் இருக்கிறது. வங்கியில் விபத்துக் காப்பீட்டுப் படிவம் கொடுத்த அன்றே, பிரதம மந்திரி ஜீவன் ஜோதி பீமா யோஜனாவிலும் சேரச் சொன்னார்கள். ஆண்டுக்கு ரூ.436. "அவ்வளவு கட்ட முடியாது" என்று விட்டுவிட்டார். அது ஆயுள் காப்பீடு. 18 முதல் 50 வயதுக்குள் சேர்ந்தால் 55 வயது வரை தொடரலாம். மாரடைப்போ, காய்ச்சலோ, விபத்தோ, எந்தக் காரணத்தால் இறந்தாலும் ரூ.2 லட்சம். சேர்ந்த முதல் 30 நாட்களில் விபத்து தவிர்த்த மரணத்துக்கு மட்டும் தொகை கிடையாது. இரண்டு திட்டத்திலும் இருந்திருந்தால் அந்தக் குடும்பத்துக்கு ரூ.4 லட்சம் கிடைத்திருக்கும்.

436 ரூபாயை 12 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 36 ரூபாய் சொச்சம். ஆனால் மொத்தமாகப் பிடிப்பதால்தான் கனமாகத் தெரிகிறது. ஆண்டு நடுவில் சேருபவர்களுக்கு, மீதமுள்ள காலத்துக்கு ஏற்பத் தொகை குறையும். டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் சேர்ந்தால் அந்த ஆண்டுக்கு ரூ.228 தான். அறுவடைக் காசு கையில் இருக்கும் தை மாதம் இதற்குத் தோதான நேரம்.

வயலில் உழைப்பவருக்கு ஏன் பி.எஃப். இல்லை?

மில்லில் வேலை செய்பவருக்கு இ.எஸ்.ஐ., பி.எஃப். உண்டு. வயலில் வேலை செய்பவருக்கு ஏன் இல்லை? இந்தக் கேள்வி கிராமங்களில் அடிக்கடி எழும். தொழிலாளர் ஈட்டுறுதிச் சட்டம் 1948-ல் வந்தது, வருங்கால வைப்பு நிதிச் சட்டம் 1952-ல் வந்தது. இரண்டுமே ஒரு நிறுவனம், ஒரு முதலாளி, ஒரு சம்பளப் பட்டியல் இருப்பதை அடிப்படையாகக் கொண்டவை. வயலில் அப்படி இல்லை. இன்று ஒருவர் நிலத்தில் நடவு, நாளை இன்னொருவர் நிலத்தில் களையெடுப்பு. யாருடைய கணக்கில் சந்தா பிடிப்பது?

இந்த இடைவெளியை நிரப்ப மாநிலங்கள்தான் முதலில் முயன்றன. கேரளம் 1980-ல் விவசாயத் தொழிலாளர்களுக்கு ஓய்வூதியம் கொடுக்கத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1982-ல் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கான சட்டம் வந்தது. அதன் வழியே கட்டுமானத் தொழிலாளர் நல வாரியமும், பிறகு தையல், சலவை, பனைமரத் தொழில், ஆட்டோ, வீட்டுப் பணி என்று தொழில்வாரியாக நல வாரியங்களும் உருவாயின. மத்திய அரசு அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டத்தை 2008-ல் கொண்டுவந்தது.

வேளாண்மையில் இருப்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் உள்ளது 'முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டம்'. 2011-ல் இப்போதைய வடிவத்தில் வந்தது. நன்செய் என்றால் இரண்டரை ஏக்கர், புன்செய் என்றால் 5 ஏக்கருக்கு மிகாமல் சொந்தமாக வைத்து நேரடியாகப் பயிர் செய்யும் சிறு, குறு விவசாயிகளும், விவசாயக் கூலித் தொழிலாளர்களும் இதில் பதிவு செய்யலாம். வயது 18 முதல் 65 வரை. பிள்ளைகளின் படிப்பு, திருமணம், மகப்பேறு, விபத்து, இயற்கை மரணம், ஈமச்சடங்கு என்று பல உதவிகள் இதில் உண்டு. விபத்து மரணத்துக்கு ரூ.1 லட்சம் என்று இருந்ததை, நிலமற்ற விவசாயத் தொழிலாளர்களுக்கு ரூ.2 லட்சமாக உயர்த்தும் அறிவிப்பு 2025-26-ம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் வந்தது. இதற்குப் பிரீமியம் எதுவும் கிடையாது. கிராம நிர்வாக அலுவலரிடம் தொடங்கி, தாலுகா அலுவலகத்தில் உள்ள சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் போய்ச் சேரும் விண்ணப்பம் இது.

மூத்தவரின் வீட்டை ஓரளவு தாங்கியது இந்தத் திட்டம்தான். வங்கியில் வெறுங்கையோடு திரும்பிய பிறகு, டிரங்குப் பெட்டியில் பத்திரங்களுக்கு அடியில் கிடந்தது உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை. ஊரில் முகாம் போட்டபோது எடுத்து, அப்படியே மறந்துபோனது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பிரேதப் பரிசோதனை அறிக்கை, முதல் தகவல் அறிக்கை எல்லாவற்றையும் சேர்த்து விண்ணப்பித்தார். பல மாதம் நடக்க வேண்டியிருந்தது. ஆனால் உதவி கிடைத்தது. அதில்தான் மகளின் இரண்டாம் ஆண்டுக் கட்டணம் கட்டப்பட்டது.

அட்டை இருந்தால் மட்டும் போதாது

அந்தப் பெட்டியில் இ-ஷ்ரம் அட்டையும் இருந்தது. "அந்தக் கார்டு இருந்தாலே இன்சூரன்ஸ்னு நெனச்சுக்கிட்டுருந்தோம்" என்கிறார் அவர். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய இ-ஷ்ரம், அமைப்புசாராத் தொழிலாளர்களின் தேசியப் பதிவேடு. 16 முதல் 59 வயது வரையுள்ளவர்கள் பதிந்து 12 இலக்க எண் பெறலாம். நாடு முழுவதும் 30 கோடிக்கும் அதிகமானோர் பதிந்திருக்கிறார்கள். அதில் பாதிக்கு மேல் விவசாய வேலை செய்பவர்கள். பதிந்துகொள்வது நல்லது. ஆனால் ஆண்டுதோறும் கட்டும் காப்பீட்டுக்கு அது மாற்று இல்லை.

மருத்துவச் செலவுக்கென்று தனியாக இருப்பது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் உள்ள குடும்பங்களுக்கு, ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சைகளுக்கு இதில் வழி உண்டு. இந்த அட்டையை நோய் வந்த பிறகு எடுக்க ஓடுவதைவிட, குடும்பம் நன்றாக இருக்கும்போதே எடுத்து, எல்லோர் பெயரும் அதில் இருக்கிறதா என்று பார்த்துவைப்பதே சரி.

அறுபதுக்குப் பிறகு?

விபத்துக்கும் மரணத்துக்கும் வழி சொன்னாயிற்று. உயிரோடு இருந்து, உடம்பு உழைக்க மறுக்கும் காலத்துக்கு என்ன செய்வது? மூன்று ஓய்வூதியத் திட்டங்கள் இருக்கின்றன. மூன்றிலும் 18 முதல் 40 வயதுக்குள் சேர்ந்தாக வேண்டும்.

முதலாவது, பிரதம மந்திரி ஷ்ரம் யோகி மான்தன். மாத வருமானம் ரூ.15,000-க்குள் உள்ள கூலித் தொழிலாளர்களுக்கு. இரண்டாவது, பிரதம மந்திரி கிசான் மான்தன். 2 ஹெக்டேர் வரை நிலமுள்ள விவசாயிகளுக்கு. இரண்டுக்கும் வயதுக்கேற்ப மாதம் ரூ.55 முதல் ரூ.200 வரை சந்தா. அதே அளவு தொகையை மத்திய அரசும் போடும். 60 வயதுக்குப் பிறகு மாதம் ரூ.3,000. பி.எம். கிசான் உதவித்தொகை பெறுபவர்கள், கிசான் மான்தன் சந்தாவை அந்தத் தொகையிலிருந்தே பிடித்துக்கொள்ளச் சொல்லலாம். மூன்றாவது, அடல் பென்ஷன் யோஜனா. மாதம் ரூ.1,000 முதல் ரூ.5,000 வரை நாமே தேர்ந்தெடுக்கலாம். வருமான வரி கட்டுபவர்கள் சேர முடியாது.

எது நல்லது? 30 வயதில் சேரும் ஒருவர் ரூ.3,000 ஓய்வூதியத்துக்கு மான்தன் திட்டத்தில் மாதம் ரூ.105 கட்டினால் போதும். அடல் பென்ஷனில் ரூ.347 கட்ட வேண்டும். வித்தியாசம் பிற்பாடு தெரியும். மான்தன் திட்டத்தில், ஓய்வூதியம் வாங்குபவர் இறந்தால் கணவன் அல்லது மனைவிக்குப் பாதித்தொகை. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அடல் பென்ஷனில் துணைக்கு முழு ஓய்வூதியம் தொடரும், இருவரும் போன பிறகு சேர்ந்த தொகை வாரிசுதாரருக்குக் கிடைக்கும். கையில் காசு குறைவாக இருப்பவர் மான்தனில் சேரலாம். பிள்ளைகளுக்கும் ஏதாவது மிஞ்ச வேண்டும் என்று நினைப்பவர் அடல் பென்ஷனைப் பார்க்கலாம். 30 வருடம் கழித்து 3,000 ரூபாய்க்கு இன்றைய மதிப்பு இருக்காது என்பதையும் மறக்கக் கூடாது. இது முழுச் சோறு அல்ல, கஞ்சிக்கு உறுதி.

ஆள் வைத்து வேலை வாங்குபவர்களுக்கு

சிறு விவசாயி பல நாள் தொழிலாளி, சில நாள் முதலாளி. டிராக்டர் போன்ற இயந்திரங்களை வைத்து நடக்கும் வேளாண் வேலையில் தொழிலாளிக்கு விபத்து நேர்ந்தால், சட்டப்படி வேலை கொடுத்தவருக்குப் பொறுப்பு உண்டு. இழப்பீடு கோர இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. டிராக்டர் மட்கார்டில் ஆட்களை உட்கார வைத்து ஓட்டுவதும் ஆபத்து. ஓட்டுநருக்கு மட்டுமே இருக்கை உள்ள வாகனம் என்று சொல்லி, இன்சூரன்ஸ் நிறுவனங்கள் இப்படிப்பட்ட கோரிக்கைகளை எதிர்க்கின்றன. அப்போது சுமை வண்டிக்காரர் தலையில்தான் விழும்.

தென்னை வைத்திருப்பவர்கள், தங்கள் தோப்பில் மரம் ஏறுபவருக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் 'கேர சுரக்ஷா' விபத்துக் காப்பீட்டைப் பற்றிச் சொல்லலாம். மரம் ஏறுவோருக்கென்றே உள்ள திட்டம். பிரீமியத்தில் பெரும்பகுதியை வாரியமே ஏற்கிறது. மீதித் தொகையைத் தோப்புக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து கட்டினால், ஒருவருக்கு ஒரு வெட்டுத் தேங்காய் விலைகூட ஆகாது.

வாசகர்கள் அதிகம் கேட்பவை

*எனக்கு இரண்டு வங்கிகளில் கணக்கு இருக்கிறது. இரண்டிலும் 20 ரூபாய் பிடிக்கிறார்கள். இரண்டு தொகை கிடைக்குமா?*
கிடைக்காது. ஒருவருக்கு ஒரு கணக்கு வழியாக மட்டுமே காப்பீடு. இன்னொன்றை நிறுத்த வங்கியில் எழுதிக் கொடுங்கள்.

*கணவர் பெயரில் காப்பீடு இருக்கிறது. வீட்டில் இருக்கும் நானும் சேர வேண்டுமா?*
அவசியம் சேருங்கள். நடவு, களையெடுப்பு, மாடு மேய்ப்பு என்று வயலில் அதிக நேரம் இருப்பவர்கள் பெண்கள்தான். உங்கள் பெயரில் தனிக் கணக்கு வேண்டும். நியமனதாரர் பெயரையும் சரிபாருங்கள். திருமணத்துக்கு முன் தொடங்கிய கணக்கில் இன்னமும் அம்மா பெயரே இருக்கும்.

*எனக்கு 46 வயது. ஓய்வூதியத் திட்டம் எதிலும் சேர முடியாதா?*
மேலே சொன்ன மூன்றிலும் முடியாது. 50 வயது வரை ஆயுள் காப்பீட்டில் சேரலாம். உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்து வையுங்கள். 60 வயதுக்குப் பிறகு, தகுதி இருந்தால், முதியோர் ஓய்வூதியத்துக்கு வழி உண்டு. அது இப்போது மாதம் ரூ.1,200.

இந்த வருடம் மே மாதம் இருபதாம் தேதிவாக்கில், மூத்தவரின் மனைவி தெருவில் வீடு வீடாகப் போனார். கையில் தன் கணவரின் பழைய பாஸ்புக். ஒன்பது ரூபாய் இருந்த பக்கத்தைப் பிரித்துக் காட்டி, "இந்த வாரம் கணக்குல ஐநூறு ரூவா கிடக்கட்டும். எடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார். இளையவரின் மகன் கூடவே வந்தான். யார் யாருக்குப் பணம் பிடித்தது, யாருக்குப் பிடிக்கவில்லை என்று ஜூன் முதல் வாரத்தில் எல்லோருடைய பாஸ்புக்கையும் வங்கிக்கு எடுத்துப்போய்ப் பதிந்து வந்தவன் அவன்தான். மூன்று வீடுகளில் பிடிக்கவில்லை. அந்த மூன்று பேரும் அன்றைக்கே வங்கிக்குப் போய் 20 ரூபாய் கட்டினார்கள்.